ஜன்னல் பக்கம் ஒரு விரல், உட்பக்கம் மூன்று விரல்

ஷார்ஜா தொழில்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஜிப்சம் ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது. அதை நான் கட்டினேன். உள்ளே அச்சு வார்க்கிற மேசைகள் பதினாறு. அவற்றையும் நானே அறைந்து நிறுத்தினேன். துபாயில் மூன்று ஓட்டல்களின் வரவேற்பறைக் கூரை, அஜ்மானில் ஒரு கல்யாண மண்டபம், பஹ்ரைனில் ஈசா டவுன் பக்கம் ஒரு வீட்டின் வாசல் வளைவு, எண்ணிக்கையில் வராத வில்லாக்கள். ஊரில் கடலைப் பார்த்த நான்கு படுக்கையறை வீடு. எங்கள் மாதா கோவிலின் புதுப் பீடம். இவ்வளவும் ஐந்தாம் வகுப்பு தாண்டாத ஒருவன் செய்தது. கட்டுமரத்துக் குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்து, இவன் எதற்கும் ஆகமாட்டான் என்று கரையில் விடப்பட்டவன் நான். கோவில்களுக்குச் சுரூபம் செய்கிற ஒரு மேஸ்திரியிடம் சாந்து குழைத்துத் தொழில் பழகினேன். கல்ஃபுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'யெஸ் சார்' மட்டும்தான். இன்றைக்கும் வரைபடத்தை விரித்தால் எனக்கு அது வெறும் கோடுகள். ஆனால் ஒரு கூரையை அண்ணாந்து பார்த்தால், அதில் எத்தனை மூட்டை ஜிப்சம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். தொழில்பேட்டையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் நான் சேர்க்காமல் விட்டது ஒன்று உண்டு. துபாயில் ஒரு பெரிய வில்லாவின் மஜ்லிஸ், அதாவது விருந்தாளிகள் உட்காரும் கூடம். நான் செய்ததிலேயே பெரியது அதன் கூரைதான். ஆனால் அது என் பெயரில் இல்லை. அதை வடிவமைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் டெக்கரேட்டர், தன் வேலைகளையெல்லாம் படம் போட்டுப் புத்தகமாகக் கொண்டுவரப் போகிறாராம். போன மாதம் அவருடைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்து, சாரம் கட்டி வேலை நடந்தபோது எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றனவா என்று கேட்டாள்.

"என் பேரு வருமாம்மா?" என்று கேட்டேன்.

"அங்கிள், அது டிசைன் புக்," என்றாள்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அந்த வில்லாவின் முதலாளி, எங்கள் பேச்சில் அர்பாப், முட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கப் போலந்து நாட்டுக்குப் போயிருந்தார். அங்கே மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றில் முக்கி எடுப்பார்களாம். போன இடத்தில் பக்கத்துச் சின்ன ஊரில் ஒரு பழைய அரண்மனையைப் பார்த்துவிட்டு, அதன் கூரையை ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் இலைகளால் ஆன பெரிய வட்டம், அதைச் சுற்றிக் கொடி. இதே கூரை தன் மஜ்லிஸுக்கு வேண்டும் என்றார். டெக்கரேட்டர் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு வரைந்து கொடுத்தார். நாங்கள் வார்த்து ஏற்றினோம். சாரத்தைப் பிரித்த அன்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். பொரிக்காத அப்பளத்தை ஒட்டிவைத்தது மாதிரி இருந்தது. இலை இருந்தது, கொடி இருந்தது, உயிர் இல்லை.

அர்பாப் ஒரே வார்த்தைதான் சொன்னார். "மாஃபி." இது அது இல்லை என்று அர்த்தம்.

டெக்கரேட்டர் உடனே என் பக்கம் கையை நீட்டினார். டிராயிங் சரி, இந்த சாச்சாவின் ஆட்கள்தான் வார்ப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்; சித்தப்பா என்கிற மாதிரி என்னை அவர் சாச்சா என்றுதான் கூப்பிடுவார். அவ்வளவு பேர் முன்னால் என் ஒர்க்‌ஷாப்பைச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. நான் அர்பாப்பிடம் நேராகச் சொன்னேன்: என்னை அங்கே அனுப்புங்கள், கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன், அதற்குப் பிறகும் சரியாக வராவிட்டால் ஒர்க்‌ஷாப்பை மூடிவிடுகிறேன்.

டெக்கரேட்டர் சிரித்தார். "சாச்சா, உதர் ஜாகே கிஸ்ஸே பாத் கரேகா?" அங்கே போய் யாரிடம் பேசுவாய் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் விஷயம் இருந்தது என்று விமானம் ஏறி அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அர்பாப் விசா, டிக்கெட் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். விமானம், பிறகு ரயில், பிறகு பஸ். அந்த ஊரின் பெயரை இன்று வரை என்னால் சொல்ல முடியாது; காகிதத்தில் எழுதி நீட்டி நீட்டித்தான் போய்ச் சேர்ந்தேன். மழைத் தூறல். சுற்றிலும் மலை. ஒரு மலையின் உச்சியில் மட்டும் மாவு கொட்டினது போல் பனி. கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. என் கறுப்பு முகத்தைப் பார்த்து ஒரு குழந்தை அம்மாவின் கோட்டுக்குள் ஒளிந்தது.

தங்கின வீட்டுக்காரர் எழுபது வயதுப் பெரியவர். அவருக்கு இங்கிலீஷ் கிடையாது. எனக்கு இருக்கிற இங்கிலீஷும் அவருக்குப் பற்றாது. கையாலேயே பேசிக்கொண்டிருந்தோம். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினவர் துபாய் விசாவைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"துபாய்? இந்த்த ஷுகுல் துபாய்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துபாயில் வேலையா என்று அரபியில் கேட்கிறார்.

"ஐவா! அனா துபாய். ஜிப்சம் ஷுகுல்," என்றேன்.

"அனா இராக்! தாரிக் ஷுகுல். சித்த சனா!" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார். இராக்கில் ஆறு வருஷம் ரோடு போட்டவராம். போலந்துக்காரர்கள் அந்தக் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் போயிருக்கிறார்கள். அப்புறமென்ன, அந்த மலையடிவாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் உடைந்த அரபியில் பேச ஆரம்பித்தோம். டெக்கரேட்டர் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது வேலையிட அரபிதான். கொண்டு வா, போ, வெயில், லாரி, முடிந்தது. அதை வைத்து ஒரு அளவுக்கு மேல் மனசு விட்டுப் பேச முடியாது. சாப்பிட்டு முடித்ததும் அவர் முடிந்தது என்று "கலாஸ்" என்பார், நானும் "கலாஸ்" என்பேன், பிறகு இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நான் தேடி வந்த அரண்மனை மஞ்சள் நிறத்தில் ஒரு குளத்தங்கரையில் இருந்தது. மராமத்துக்காக மூடியிருந்தார்கள். சாவி ஒரு அம்மாவிடம். தலையில் துணி கட்டி, ஆண்கள் போடுகிற பூட்ஸ் போட்டிருந்தார். நான் படத்தைக் காட்டினேன், மேலே கையைக் காட்டினேன், அளப்பது போல் காட்டினேன். "நியே, நியே," என்று தலையாட்டிக் கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் பெரியவரையே கூட்டிக்கொண்டு போனேன். அவரிடமும் அதே பதில்தான். யாரோ வெளியாள் வந்து கூரையைத் தொடுவதா என்று கேட்டாராம்.

"மாஃபி மிஃப்தா," என்றார் பெரியவர் என்னைப் பார்த்து. சாவி இல்லை.

துபாய்க்குத் திரும்பிப் போக இன்னும் எட்டு நாள் இருந்தது. வெறுங்கையோடு போனால் ஒர்க்‌ஷாப்பை மூட வேண்டும். வாயை விட்டது நான்தானே. என்ன செய்வதென்று தெரியாமல் நடக்க ஆரம்பித்தேன். அந்தப் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒரு அரண்மனை இருக்கிறது. ஒரு ஊரில் அதை ஓட்டலாக்கியிருந்தார்கள். நான் வரவேற்பறையில் அண்ணாந்து நின்றதைப் பார்த்து ஒரு பெண் வந்து ஏதோ கேட்டாள், வெளியே வந்துவிட்டேன். இன்னொன்றில் முன்பு தானியம் கொட்டி வைத்திருக்கிறார்கள். கூரை பாதி விழுந்து, நாட்டியம் ஆடின கூடத்தின் நடுவில் வெள்ளைப் பட்டை மரம் ஒன்று வளர்ந்து வானத்துக்குப் போயிருந்தது. விழுந்து கிடந்த ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பில் மாட்டு மயிரைக் கலந்திருக்கிறார்கள். நல்ல கலவை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு மேட்டின் மேல் சின்ன மாளிகை. ராஜா வீட்டார் கோடையில் வந்து காற்று வாங்குவதற்காகக் கட்டினதாம். பூட்டிக் கிடந்தது. அதன் படியில் உட்கார்ந்து பார்த்தால் மலைக்கு மேல் மலை, நடுவில் குளங்கள், மஞ்சளும் சிவப்புமாகப் பெயர் தெரியாத மரங்கள், நான்கு புகைக்கூண்டுகளிலிருந்து புகை. இவ்வளவு பச்சையையும் ஈரத்தையும் நான் கல்ஃபில் இருபத்தைந்து வருஷம் கனவு கண்டிருக்கிறேன். கண் முன்னால் வந்தபோது எனக்கு நான் குடியிருக்கும் அஜ்மான் பிளாட்டில் ஏசி ஓடுகிற சத்தம் வேண்டும் போலிருந்தது. அங்கேயும் நான் தனியாள்தான். ஆனால் அந்தத் தனிமை எனக்குப் பழகினது, எது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அந்தப் படியில் உட்கார்ந்துதான் ஊருக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கிய?" என்றாள் என் வீட்டுக்காரி.

"மல மேல. ஒரு அரமன வாசல்ல."

"சாப்ட்டியளா?"

"ரொட்டியும் கிழங்கும். ஒரு சிவப்பு ரசம் குடுக்கான், பீட்ரூட்டுல. இனிக்கி."

"இனிக்க ரசமா? சீ. உள்ள ஆளு உண்டுமா, அரமனைல?"

"ஒரு ஆளு கெடையாது. அம்புட்டு ரூமும் பூட்டிக் கெடக்கு."

அப்புறம், "நம்ம வீட்டுலயும் மூணு ரூம்பு பூட்டித்தான கெடக்கு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணி வரவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். நான்கு படுக்கையறை வேண்டும் என்று நின்று கட்டினவன் நான். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனேன். அப்போதைய பாப்பரசர் அந்த நாட்டுக்காரர் என்பது எங்கள் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எனக்கு அந்தக் கோவில் கொஞ்சம் சொந்தம் மாதிரி. வாசலுக்குப் போனதும் வழக்கம் போல ஷூவைக் கழற்றினேன், சாக்ஸையும் கழற்றி ஷூவுக்குள் திணித்து, சுவரோரமாக வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். எங்கள் ஊரில் யாரும் கோவிலுக்குள் செருப்போடு போகமாட்டோம். நான் ஒன்றும் யோசிக்கவே இல்லை. கல் தரையில் கால் வைத்ததும் குளிர் முட்டு வரைக்கும் ஏறியது. அப்போதுதான் பார்த்தேன், அத்தனை பேர் காலிலும் பூட்ஸ். திரும்பிப் போய் எடுப்பது அசிங்கம் என்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பூசை அவர்கள் பாஷையில். ஆனால் மணி அடித்த இடத்தில் எனக்கு முழந்தாளிடத் தெரிந்தது. எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பினேன். அவர்கள் அவர்கள் பாஷையில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அங்கே இருந்த நாட்களில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்த ஒரே ஒரு மணி நேரம் அதுதான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. என் பெஞ்சில் வேறு யாரும் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பெஞ்சுக்கு முன்னாலிருந்து ஒருவர் எழுந்து நடந்து வந்து என் கையைப் பிடித்தார். பார்த்தால் சாவிக்கார அம்மா. கையைப் பிடித்தவர் கீழே என் காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

பூசை முடிந்து வந்தால் மழை பிடித்து, என் ஷூ இரண்டிலும் தண்ணீர். அந்த அம்மா ஷூவை எடுத்துக் கவிழ்த்தார். பெரியவரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார்.

"இந்த்த நஃபர் லேஷ் மாஃபி ஜூத்தி?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார். இந்த ஆள் ஏன் செருப்பு போடவில்லை, ஏதாவது நேர்ச்சையா என்று கேட்கிறாராம்.

நேர்ச்சை எதுவும் இல்லை, எங்கள் கடற்கரையில் எல்லாக் கோவிலிலும் இப்படித்தான் என்றேன். நான் சொன்னது ஒரு வரி. பெரியவர் அதை அரை நிமிஷம் சொன்னார். என்னத்தைச் சேர்த்துச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. அந்த அம்மா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து அடுப்போரம் வைத்தார். கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி கொடுத்தார், அது இறந்துபோன அவர் புருஷனுடையது என்று பெரியவர் சொன்னார். மறுநாள் காலையில் நான் போனபோது அரண்மனைக் கதவு திறந்து கிடந்தது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும். வழக்கு முழுக்க இதில்தான் இருக்கிறது.

உள்ளே மராமத்துச் சாரம் கூரை வரைக்கும் நின்றது. வேலையாட்கள் அந்த வாரம் வரவில்லை. நான் மட்டும் ஏறினேன். கூடத்தின் நீள அகலத்தை நாங்கள் வலை அளக்கிற மாதிரி கையை விரித்துப் பாகக் கணக்கில் அளந்தேன். இலையின் மேடு பள்ளத்தை அளக்க என்னிடம் ஈயத் தகடு இருந்தது. வலைக்குக் கட்டுகிற அதே ஈயம், நாடா மாதிரி தட்டினது. இலையின் மேல் மெதுவாக அழுத்தினால் அதன் உருவத்துக்கு வளையும். எடுத்துக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டால் அச்சு கிடைத்துவிடும். கூரைக்கு ஒரு சேதமும் இல்லை.

ஜன்னல் பக்கத்து இலையில் ஒன்று எடுத்தேன். நடுவில் ஒன்று. உட்பக்கச் சுவரோரம் ஒன்று. மூன்றும் ஒரே இலைதான், ஒரே அச்சில்தான் இருக்க வேண்டும். காகிதத்தில் வைத்தால் மூன்றும் மூன்று விதம். தகடு நழுவிவிட்டது என்று மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதேதான். விரலை வைத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்து இலை கூரையிலிருந்து ஒரு விரல் கனம்தான் வெளியே நின்றது. நடுவில் இரண்டு. உட்பக்கம் மூன்று விரல். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பலகையில் மல்லாந்து படுத்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் மேகம் விலகி ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது. படுத்தபடியே பார்த்தேன். புரிந்துவிட்டது. ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளிச்சம் அதிகம், கொஞ்சம் மேடு இருந்தாலே நிழல் விழும். உள்ளே போகப் போக வெளிச்சம் மங்கும், மேடு அதிகம் இருந்தால்தான் அதே நிழல் கிடைக்கும். கீழே நின்று பார்ப்பவனுக்கு அத்தனை இலையும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்று, செய்தவன் ஒவ்வொரு இலையையும் வேறு வேறு கனத்தில் செய்திருக்கிறான். படத்தில் அது தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டெக்கரேட்டர் எல்லா இலையையும் ஒரே கனத்தில் வரைந்தார், அதனால்தான் அப்பளம்.

"கெடச்சிட்டுடே!" என்று கத்தினேன். காலிக் கூடம் திருப்பிக் கத்தியது. கீழே ஆள் இல்லை. அந்த நேரத்தில் ஒர்க்‌ஷாப் பையன்களில் ஒருவன் இருந்திருந்தால்கூடக் கட்டிப்பிடித்திருப்பேன். கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்துவிட்டு, தகடை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன். நான்கு நாளில் அத்தனை இலையையும் எடுத்தேன்.

துபாய் வந்ததும் பழையதை இடித்துக் கொட்டினோம். இதிலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அரண்மனையில் ஜன்னல், நாம் நுழைகிற வாசலுக்கு இடது பக்கம். அர்பாப்பின் மஜ்லிஸில் வலது பக்கம். அப்படியே ஏற்றியிருந்தால் வெளிச்சத்தில் மூன்று விரலும் இருட்டில் ஒரு விரலுமாகப் போயிருக்கும். நான் முழு வரிசையையும் திருப்பிப் போட்டேன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாரம் பிரித்த அன்று அர்பாப் முட்டுவலியையும் மறந்து கம்பளத்தில் மல்லாந்து படுத்து, "ஹாதா! ஹாதா!" என்றார். இதுதான், இதுதான். டெக்கரேட்டர் குனிந்து அவருக்குக் கை கொடுத்தார்.

வீடு திறந்த அன்று விருந்து. நான் சமையல்கட்டு வாசல் பக்கம் நின்றேன். அர்பாப் ஆள் விட்டு எனக்கு ஒரு தட்டுச் சோறும் கறியும் அனுப்பினார், அவரைக் குறை சொல்லமாட்டேன். உள்ளே டெக்கரேட்டர் கூரையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பளபளப்புப் பத்திரிகையில் அந்தக் கூரை முழுப் பக்கத்துக்கு வந்தது. அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு லீவில் ஊருக்குப் போய் வீட்டுக்காரியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இதுல நீங்க எங்க?"

கூரையைக் காட்டினேன். அவள் கீழே இருந்த எழுத்தில் விரலை வைத்து, "இது யாரு பேரு?" என்றாள். என்னைவிட அவள் மூன்று வகுப்பு அதிகம் படித்தவள்.

அந்தப் பக்கம் இன்னும் அவள் பைபிளுக்குள் மடித்து இருக்கிறது. நான் அஜ்மானில், அவள் கடலைப் பார்த்த வீட்டில். போனில் இன்று வரை அவள் அதை மறுபடி கேட்டதில்லை. கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே, புத்தகம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாரம் கட்டின படங்கள் என்னிடம் இருக்கின்றன, தருகிறேன். டெக்கரேட்டர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை; வட்டமும் கொடியும் எந்த இடத்தில் வர வேண்டும் என்று கோடு போட்டது அவர்தான், இருக்கட்டும். ஆனால் அந்தப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அளந்து கண்டுபிடித்து வார்த்து ஏற்றியவர் என்று என் பெயர் வர வேண்டும். பின்பக்கத்தில் நன்றி என்று பொடி எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ளமாட்டேன். சந்தேகம் இருந்தால் ஏணி போட்டு ஏறுங்கள். ஜன்னல் பக்கத்து இலையில் விரலை வையுங்கள், அப்புறம் உட்பக்கத்து இலையில் வையுங்கள். ஒன்று, மூன்று. இறங்கி வந்து டெக்கரேட்டரிடம், இது ஏன் இப்படி என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் பெயரைப் போடுங்கள்.